வாசகர் கேட்டவை: வணிகச் செயலிக்கு எந்தத் தரவுத்தளம்?

கேள்வி: பரந்தனில் அரிசி ஆலை நடத்துகிறோம். பரந்தன், மாங்குளம், முருங்கன் ஆகிய மூன்று இடங்களில் கமக்காரரிடம் நெல் வாங்குகிறோம். இதுவரை எக்செல் தாள்களில் வைத்திருந்த கணக்கை இணையச் செயலியாக மாற்றும் வேலையை ஊரிலேயே உள்ள ஒரு தம்பியிடம் கொடுத்திருக்கிறோம். அவர் மைஎஸ்கியூஎல் போதும் என்கிறார். கனடாவிலிருக்கும் மைத்துனரோ ஒராக்கிளைத் தவிர வேறெதையும் நம்பாதே என்கிறார். இன்னொருவர் மொங்கோடிபிதான் இக்காலத்துக்கு ஏற்றது என்கிறார். எதை எடுப்பது ஐயா?
— ஆலை உரிமையாளர், பரந்தன்

பதில்: மூவரும் மூன்று பெயர்களைச் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் தராசடியில் என்ன நடக்கிறது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில் அளவு. காலபோக அறுவடையின்போது மூன்று இடங்களிலும் சேர்த்து ஒரு நாளைக்கு 600 நிறுவைகள் நடப்பதாகவும், அந்த நெருக்கடி 60 நாட்கள் நீடிப்பதாகவும் வைத்துக்கொண்டால் 36,000 பதிவுகள் வரும். சிறுபோகத்தையும் அதே அளவாகவே கணக்கிட்டால் ஆண்டுக்கு 72,000. ஒரு பதிவுக்கு அரைக் கிலோபைட் என்றால் மொத்தம் 36 மெகாபைட் அளவுதான். கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு நிமிட வீடியோவே இதைவிடப் பெரிதாக இருக்கும். ஆகவே எது வேகமானது, எது கோடிக்கணக்கான பதிவுகளைத் தாங்கும் என்ற விவாதங்களை நீங்கள் ஒதுக்கிவிடலாம். இங்கே பெயர் சொல்லப்பட்ட எல்லாமே உங்கள் சுமையைத் தாங்கும்.

பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கமக்காரரின் உழவு இயந்திரப் பெட்டி தராசில் ஏறி இறங்கியதும், செயலி அடுத்தடுத்து நான்கு காரியங்களைச் செய்யவேண்டும்: ஈரப்பதக் கழிவு போக நிகர எடையைப் பதிய வேண்டும், களஞ்சிய இருப்பைக் கூட்ட வேண்டும், விதைப்புக் காலத்தில் அவர் வாங்கிய முற்பணத்தைக் கழிக்க வேண்டும், மீதித் தொகைக்குப் பற்றுச்சீட்டு எழுத வேண்டும். இருப்பு கூடிய பிறகு, முற்பணம் கழிபடுவதற்கு முன் மின்சாரம் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதே உங்கள் தொழிலுக்குரிய கேள்வி. நான்கும் நடந்திருக்க வேண்டும், அல்லது நான்கில் ஒன்றுகூட நடந்திருக்கக் கூடாது. இப்படி ஒன்றாகவே முடியவேண்டிய வேலைத் தொகுதியைப் பரிமாற்றம் என்பார்கள். இந்த உத்தரவாதத்தைத் தருவதற்குத்தான் தரவுத்தளச் சேவையகம் என்று ஒன்றை வைத்திருக்கிறோம். செய்யப்போகும் மாற்றத்தை அது முதலில் ஒரு பதிவேட்டில் எழுதி வன்தட்டில் உறுதியாக்கிய பின்னரே அட்டவணைகளில் மாற்றுகிறது. மின்சாரம் மீண்டும் வந்ததும் அந்தப் பதிவேட்டை வாசித்து, முடிந்ததை நிலைநிறுத்தி, பாதியில் நின்றதைக் கைவிடுகிறது.

விலையில்லாமல் கிடைக்கும் இன்னொரு தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் இதை எப்போதும் செய்கிறது. மைஎஸ்கியூஎல், அட்டவணைகள் இன்னோடிபி என்ற இயந்திரத்தில் (அட்டவணைகளைச் சேமிக்கும் உட்பகுதியில்) இருந்தால் செய்கிறது. மைஐசாம் என்ற பழைய இயந்திரத்தில் இருந்தால் செய்வதில்லை. 2010 இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து இன்னோடிபியே இயல்பாக அமைகிறது என்றாலும், எங்கிருந்தோ இறக்கிய பழைய மாதிரி நிரல்களில் மைஐசாம் இன்னும் ஒளிந்திருப்பதுண்டு. உங்கள் தம்பியிடம் ஒவ்வோர் அட்டவணையின் இயந்திரப் பெயரையும் காட்டச் சொல்லுங்கள். வேகம் கூட்டுவதற்காக, பரிமாற்றம் முடிந்த கணமே வன்தட்டில் எழுதும் அமைப்பைத் தளர்த்தலாம் என்று இணையத்தில் எழுதியிருப்பார்கள். உங்களுக்கு அந்த வேகம் தேவையில்லை, ஆகையால் அதைத் தொடவிடாதீர்கள்.

அடுத்தது, பிழையான தரவை வாசலிலேயே தடுப்பது. நிகர எடை பூச்சியத்துக்குக் கீழே போகக் கூடாது, கமக்காரர் பட்டியலில் இல்லாதவர் பெயரில் பற்றுச்சீட்டு விழக் கூடாது போன்ற விதிகளைச் செயலியில் மட்டும் எழுதினால் போதாது. தரவுத்தளத்திலும் எழுத வேண்டும். செயலியை நாளை வேறொருவர் திருத்துவார், அவசரத்தில் ஒருவர் நேரடியாகத் தரவுத்தளத்தில் கைவைப்பார். மைஎஸ்கியூஎல் இவ்விடயத்தில் நெடுங்காலம் பயனரை ஏமாற்றியது: ‘எடை பூச்சியத்தைவிடக் கூடியதாக இருக்க வேண்டும்’ என்ற சரிபார்ப்பு விதியை எழுதினால், பிழை எதுவும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டு, பின்னர் அதைக் கணக்கிலேயே எடுக்காது. 2019 இல் வந்த 8.0.16 பதிப்புக்குப் பிறகே அவ்விதி உண்மையில் வேலை செய்கிறது. ஆகவே மைஎஸ்கியூஎல் என்றால் பதிப்பைக் கேளுங்கள். மலிவு வாடகைச் சேவையகங்களில் 5.7 இன்னும் ஓடினால் வியப்படைய வேண்டாம்; அதற்கான உத்தியோகபூர்வ ஆதரவு 2023 ஒக்டோபரில் முடிந்துவிட்டது.

மைத்துனரின் ஒராக்கிளைப் பற்றி: அது திறமையான மென்பொருள் என்பதில் ஐயமில்லை. வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் காரணமில்லாமல் அதை வைத்திருக்கவில்லை. ஆனால் அதன் உரிமக் கட்டணம் டொலரில் வரும். அதைப் பராமரிக்கத் தெரிந்தவரைத் தேடிக் கொழும்புக்குப் போகவேண்டியிருக்கும். அவர்களுடைய இலவசப் பதிப்பு 12 ஜிகாபைட் தரவுக்கும் 2 ஜிகாபைட் நினைவகத்துக்கும் மட்டுப்பட்டது. மைக்ரோசொஃப்டின் எஸ்கியூஎல் சேர்வருக்கும் எக்ஸ்பிரஸ் என்ற இலவசப் பதிப்பு உண்டு. 2022 பதிப்பு வரை ஒரு தரவுத்தளம் 10 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. உங்கள் 36 மெகாபைட்டுக்கு இரண்டுமே தாராளமாகப் போதும். எனினும், விலையில்லாமலும் வரம்பில்லாமலும் கிடைப்பவை இருக்கும்போது, பிற்காலத்தில் கட்டணம் கேட்கக்கூடிய வீட்டுக்குள் இன்றே குடியேற வேண்டிய காரணம் உங்களுக்கு இல்லை.

மொங்கோடிபி 2009 இல் வந்தது. ஒவ்வொரு பதிவும் வெவ்வேறு வடிவில் இருக்கும் தரவுகளுக்கு அது வசதியானது. உங்கள் கணக்கோ கமக்காரர், நிறுவை, முற்பணம், பற்றுச்சீட்டு என்று ஒன்றோடொன்று பிணைந்த அட்டவணைகளால் ஆனது. பல ஆவணங்களை ஒரே பரிமாற்றத்துக்குள் மாற்றும் வசதியே அதற்கு 2018 இல்தான் கிடைத்தது. இந்த வேலைக்கு அது வேண்டாம்.

எனவே மிஞ்சுவது போஸ்ட்கிரெஸும், மைஎஸ்கியூஎல்லும், அதன் கிளையான மரியாடிபியும். போஸ்ட்கிரெஸ் 1986 இல் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது. இன்றுவரை எந்தத் தனி நிறுவனத்துக்கும் சொந்தமாகவில்லை. மைஎஸ்கியூஎல் 1995 இல் சுவீடனில் பிறந்து, 2008 இல் சன் நிறுவனத்திடமும், சன்னை வாங்கியதால் 2010 இல் ஒராக்கிளிடமும் போய்ச் சேர்ந்தது. அதை அஞ்சிய அதன் மூலகர்த்தாவே 2009 இல் மரியாடிபியைப் பிரித்தெடுத்தார். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் போஸ்ட்கிரெஸையே சொல்வேன். விதிகளில் அது கறாரானது; அட்டவணையின் அமைப்பை மாற்றும் வேலை பாதியில் பிழைத்தால், அந்த மாற்றத்தையும் முழுமையாகத் திரும்பப் பெறுகிறது. மைஎஸ்கியூஎல்லில் அமைப்பு மாற்றங்கள் ஒவ்வொன்றும் உடனுக்குடன் உறுதியாகிவிடுவதால், பத்துப் படிகளில் ஏழாவதில் நின்றால் ஆறு படிகள் மாறிய நிலையிலேயே நிற்கும். அந்த இரவில் அதை யார் சரிசெய்வது?

இப்படிச் சொன்ன பிறகும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். உங்கள் தம்பி மைஎஸ்கியூஎல்லைப் பல ஆண்டுகள் கையாண்டவராகவும், போஸ்ட்கிரெஸை இனிமேல்தான் படிக்க வேண்டியவராகவும் இருந்தால், மைஎஸ்கியூஎல்லையே எடுங்கள். அறுவடை நாளில் சேவையகம் விழுந்தால் அதை எழுப்பப்போகிறவர் அவர். அவருக்குக் கைவந்த கருவி, கட்டுரைகளில் புள்ளி கூடப் பெற்ற கருவியைவிட உங்களுக்கு உதவும். 8.0.16 அல்லது அதற்குப் பிந்திய, இன்னும் ஆதரவு முடியாத பதிப்பு, எல்லா அட்டவணைகளும் இன்னோடிபி என்ற இரண்டையும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எதை எடுத்தாலும் இரண்டு விடயங்களை வடிவமைப்பிலேயே கவனியுங்கள். பணத்தையும் எடையையும் மிதவைப் புள்ளி எண்ணாகச் சேமிக்கக் கூடாது, 0.1 போன்ற தசமங்களை அவ்வகை துல்லியமாகப் பிடிப்பதில்லை, ஆயிரக்கணக்கான பற்றுச்சீட்டுகளைக் கூட்டும்போது சதங்கள் உதைக்கும். துல்லியத் தசம வகை எல்லாச் சேவையகங்களிலும் உண்டு. இரண்டாவது, தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கமக்காரரின் முதன்மைச் சாவியாக, அதாவது அவரை அடையாளங்காணும் இலக்கமாக, வைக்க வேண்டாம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள். அட்டையைத் தொலைத்துப் புதிது எடுத்தவர் அடுத்த போகத்தில் வேறொரு கமக்காரராகப் பதிவாவார். முற்பணம் பழைய பெயரிலேயே நிற்கும். ஆளுக்கு ஓர் உள்ளக இலக்கம் கொடுத்து, இரண்டு அட்டை இலக்கங்களையும் எழுத்து வகைப் புலங்களில் தனித்தனியே வையுங்கள்.

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் செயலியில் அங்கத்தவர் பெயரைத் தமிழில் பதிந்தால் கேள்விக்குறிகளாக வருகின்றன. சரியாக வருபவற்றையும் தேடினால் சில கிடைப்பதில்லை. இதற்காகத் தரவுத்தளத்தையே மாற்ற வேண்டுமா?
— சங்க எழுதுவினைஞர், வவுனியா

பதில்: மாற்றத் தேவையில்லை, ஆனால் கேள்விக்குறியாகிவிட்ட பெயர்கள் திரும்ப வரமாட்டா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய மைஎஸ்கியூஎல் இயல்பாக லத்தீன் எழுத்துத் தொகுதியில் அட்டவணையை அமைக்கும். அதில் தமிழுக்கு இடமில்லாததால், ஒவ்வோர் எழுத்தையும் எறிந்துவிட்டுக் கேள்விக்குறியைச் சேமித்திருக்கும். கேள்விக்குறிக்குப் பதிலாக மேலே கீழே குறிகள் பூண்ட விசித்திரமான லத்தீன் எழுத்துகள் தெரிந்தால் நிலைமை நல்லது: தரவு உள்ளே இருக்கிறது, பிழையாக வாசிக்கப்படுகிறது, மீட்கலாம். இனிமேல் தரவுத்தளம், அட்டவணை, செயலிக்கும் சேவையகத்துக்கும் இடையிலான இணைப்பு ஆகிய மூன்றிலும் யூடிஎஃப்8எம்பி4 என்ற தொகுதியையே குறிப்பிடச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் பழைய கதைதான். மைஎஸ்கியூஎல்லில் வெறும் யூடிஎஃப்8 என்பது ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரை மட்டுமே பிடிக்கும் குறைப்பதிப்பு. தமிழ் அதற்குள் அடங்கும், ஆனால் ஒருவர் குறிப்பில் ஒரு சிரிப்பு முகத்தை இட்டாலே பதிவு சிக்கிவிடும். போஸ்ட்கிரெஸில் தரவுத்தளத்தை உருவாக்கும்போது யூடிஎஃப்-8 என்று அமைத்தால் முடிந்தது.

புலத்தின் நீளத்தையும் பாருங்கள். ‘கிளிநொச்சி’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோட்டுக்குப் பத்துக் குறியீடுகள். யூடிஎஃப்-8 இல் 30 பைட். பெயருக்கு 20 என்று ஆங்கிலப் பழக்கத்தில் அளவு வைத்தவர்கள் தமிழ்ப் பெயரை நடுவில் வெட்டுகிறார்கள். முதலெழுத்துகளோடு தகப்பன் பெயரையும் முழுமையாக எழுதும் நம்மவர்க்கு 200 வைத்தாலும் நட்டமில்லை.

தேடலில் கிடைக்காததற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் இருக்கும். ஒன்று, ‘கோ’ என்பதை ஒரே ஓகாரக் குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பையும் அரவையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தரவுத்தளத்துக்கு அவை வெவ்வேறு. சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் யூனிகோட் இயல்பாக்கம் செய்தால் இது தீரும். போஸ்ட்கிரெஸில் 13 ஆம் பதிப்பு முதல் இதற்கு உள்ளமைந்த செயற்கூறு உண்டு, மற்றவற்றில் செயலியில் செய்யலாம். மற்றக் காரணம் பாமினி. சங்கத்தின் பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டச்சான கோப்பிலிருந்து வந்திருந்தால், அதில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகள் தமிழ் உருவில் காட்டப்பட்டுள்ளன, அவ்வளவுதான். எழுத்துருவை மாற்றினால் போதாது, யூனிகோட்டுக்கு மாற்றிவிட்டே இறக்க வேண்டும். மாற்றிய பின் நூறு பெயர்களையாவது கண்ணால் ஒப்பிடுங்கள்.

அகரவரிசைக்கும் ஒரு சொல். யூனிகோட் குறியீட்டு எண்ணின்படி வரிசைப்படுத்தினால் ‘ன’ நகரத்தின் அருகிலும் ‘ஜ’ சகரத்தின் அருகிலும் வந்து நிற்கும். ‘ற’ ரகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். அங்கத்தவர் இடாப்பைத் தமிழ் நெடுங்கணக்கின்படி அச்சிட வேண்டுமானால், போஸ்ட்கிரெஸில் ஐசியூ என்ற யூனிகோட் நிரல் நூலகம் வழங்கும் தமிழ் வரிசை விதியைத் தெரிவுசெய்யுங்கள்.

கேள்வி: முல்லைத்தீவில் மீன் மொத்த வியாபாரம். சேவையகத்தை வெளிநாட்டில் வாடகைக்கு எடுப்பதா, எங்கள் கடையிலேயே ஒரு கணினியை வைப்பதா? மின்வெட்டும் இணையத் தடங்கலும் இரண்டுமே உண்டு.
— வாசகர், முல்லைத்தீவு

பதில்: உங்கள் கடையில் மட்டும்தான் செயலியைத் திறப்பீர்கள் என்றால் கடைக் கணினி போதும். வேறிடங்களிலிருந்தும் திறப்பீர்கள் என்றால் வாடகைச் சேவையகமே நல்லது. உங்கள் வீதியில் மின்சாரம் நின்றால் மற்றவர்களின் வேலையும் நிற்பதற்கு நியாயமில்லை. 2022 பங்குனி இறுதியில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் வெட்டப்பட்டது. அவ்வளவு நேரத்தைச் சாதாரண யூபிஎஸ் எதுவும் தாங்காது. யூபிஎஸ்ஸின் வேலை கணினியை ஒழுங்காக நிறுத்த அவகாசம் தருவதுதான். மறுபக்கத்தில், வாடகையை டொலரில் கட்டுகிறோம் என்பதையும் மறக்க வேண்டாம். அதே ஆண்டின் முற்பகுதியில் ஒரு டொலர் 200 ரூபாயளவிலிருந்து 360 ரூபாயளவுக்குப் போனபோது, சேவையகத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே வாடகை முக்கால்வாசி கூடியது. உங்கள் தேவைக்குரிய மிகச் சிறிய சேவையகத்தோடு தொடங்குங்கள்.

ஒரு தவறான நடுவழியைப் பலர் எடுக்கிறார்கள்: செயலி கடையில், தரவுத்தளம் சிங்கப்பூரில். ஒரு பக்கத்தைக் காட்டச் செயலி தரவுத்தளத்திடம் ஒன்றன்பின் ஒன்றாக 40 கேள்விகள் கேட்பதாகவும், ஒவ்வொன்றும் போய்வர 60 மில்லிசெக்கன் ஆவதாகவும் வைத்துக்கொண்டால், பக்கம் தெரிய 2.4 செக்கன் காத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் அந்தக் கடலை ஒரே ஒரு முறை கடந்தால் போதும். அதோடு தரவுத்தளத்தின் வாயிலை (போர்ட்) இணையத்துக்குத் திறந்துவைக்கும் தேவையும் நீங்கும். போஸ்ட்கிரெஸின் 5432, மைஎஸ்கியூஎல்லின் 3306 ஆகிய வாயில்கள் வெளியே திறந்திருந்தால், கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் நிரல்கள் தேடிவந்து தட்டும். வாடிக்கையாளரின் அடையாள அட்டை, வங்கிக் கணக்கு இலக்கங்கள் அதில் இருக்குமானால், தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் உங்களைப் பற்றியதே.

இணையம் நிற்கும்போது விடியற்காலை நிறுவைகள் நிற்க முடியாது. பதிவுகளை உலாவியிலேயே தற்காலிகமாக வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பும்படி செயலியை எழுதலாம். அப்போது ஒவ்வொரு நிறுவைக்கும் உலாவியே ஒரு தனித்த அடையாளத்தைக் கொடுக்க வேண்டும்; தரவுத்தளத்தில் அந்தப் புலத்துக்குத் தனித்துவ விதி இருக்க வேண்டும். பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்து, அதே நிறுவை மறுபடி அனுப்பப்பட்டாலும், தரவுத்தளம் இரண்டாவதை மறுத்துவிடும். இல்லாவிட்டால் ஒரே கூடை மீனுக்கு இரண்டு முறை பணம் கொடுப்பீர்கள்.

காப்புப்பிரதியை ஒவ்வோர் இரவும் தானாக எடுக்கச் செய்து, கடைக்கு வெளியே இன்னொரு பிரதியையும் வையுங்கள். 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் எத்தனை கட்டடங்களுக்குள் தண்ணீர் புகுந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கணினிக்குப் பக்கத்து இலாச்சியில் இருக்கும் வெளி வன்தட்டு அப்போது உதவாது. மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்து, முந்திய நாளின் மொத்த விற்பனை சரியாக வருகிறதா என்று சோதியுங்கள். மீட்டுப் பார்க்காத பிரதியை நான் காப்புப்பிரதியாகக் கணக்கெடுப்பதில்லை.

கேள்வி: சிறிய மருந்துக்கடை, ஒரே ஒரு கணினி. எஸ்கியூலைட் போதும் என்கிறார்கள். உண்மையா?
— மாணவர், கிளிநொச்சி

பதில்: உண்மை. 2000 ஆம் ஆண்டில் வந்த எஸ்கியூலைட்டுக்குச் சேவையகமே கிடையாது. முழுத் தரவுத்தளமும் ஒரு கோப்பு. பரிமாற்ற உத்தரவாதம் அதிலும் உண்டு. ஒரே நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுதலாம் என்பது அதன் வரம்பு, உங்களுக்கு அது ஒரு வரம்பே அல்ல. கோப்பை வலையமைப்பில் பகிர்ந்து இரண்டாவது கணினியிலிருந்து திறக்க மட்டும் முயல வேண்டாம். இருவர் ஒரே நேரத்தில் எழுதாமல் தடுக்கும் பூட்டுகள் ஒழுங்காக வேலை செய்யாமல் கோப்புச் சிதையக்கூடும். இரண்டாவது கணினி வரும் நாளில் போஸ்ட்கிரெஸுக்கு மாறுங்கள். அதுவரை, செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பை அப்படியே நகலெடுக்காமல், எஸ்கியூலைட்டிலேயே உள்ள காப்புக் கட்டளையால் பிரதி எடுங்கள்.